மாறாத மூன்று எழுத்துகள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வைரஸ் நோய்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "அதுதான் உருமாறிக்கொண்டே இருக்கிறதாமே, அதற்கு எந்த மருந்து நிற்கும்?" என்று யாராவது கேட்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நியாயமான கேள்விதான். எச்.ஐ.வி. தன் மரபுச் செய்தியைப் படியெடுக்கும்போது, எழுதியதைத் திரும்பப் படித்துத் திருத்துவதில்லை. அந்தச் செய்தியின் நீளம் பத்தாயிரம் எழுத்துக்குச் சற்றுக் குறைவு. சிகிச்சை பெறாத ஒருவரின் உடலிலோ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி புதிய வைரஸ்கள் பிறக்கின்றன. ஆகவே, ஓரெழுத்துப் பிழைகளில் எவையெல்லாம் நேரக்கூடுமோ அவையெல்லாம் அந்த ஓர் உடலில் நாள்தோறும் நேர்ந்துவிடுகின்றன எனலாம்.

அப்படியிருந்தும், பல நாடுகளின் நோயாளிகளிடமிருந்து எடுத்த எச்.ஐ.வி. புரதங்களை, அவற்றின் கண்ணிகளான அமினோ அமிலம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தாக, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால், சில இடங்களில் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே எழுத்து நிற்கிறது. அந்த இடத்திலும் பிழை நேரத்தான் செய்தது. நேர்ந்த வைரஸ்கள் சந்ததியில்லாமல் மாண்டுபோயின. நம் கைக்கு வந்து சேர்வது பிழைத்தவற்றின் பட்டியல் மட்டுமே. எனவே வைரஸ் எதை மாற்றுகிறது என்று பார்த்து மலைப்பதைவிட, எதை மாற்றினால் அது மாண்டுபோகிறது என்று பாருங்கள். மருந்து குறிவைக்க வேண்டிய இடம் அதுதான். வகுப்பறையில் நான் பல ஆண்டுகள் சொல்லிவந்தது இதுவே. இன்று உங்களிடம் சொல்ல வந்ததும் இதுவே.

கணினி நொடியில் முடித்துவிடும் இந்த வேலையை நான் மாணவர்களைக் கையால் செய்யச் சொல்வேன். கட்டம் போட்ட தாளில், ஒரு கட்டத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்ற கணக்கில், எச்.ஐ.வி.யின் புரதம் வெட்டும் நொதியாகிய புரோட்டியேஸின் 99 எழுத்துகளையும் எழுத வேண்டும். அதன்கீழ் அதன் உறவுக்கார வைரஸ்களின் நொதிகளை எழுத வேண்டும். எல்லா வரியிலும் ஒத்துப்போகும் கட்டங்களுக்குச் சிவப்புப் பென்சில். தாள் முழுவதும் புள்ளிபுள்ளியாகச் சிவந்துகொண்டு வரும்போது, 25, 26, 27 ஆகிய மூன்று பத்திகள் அடுத்தடுத்து முழுச் சிவப்பாக எழும்பி நிற்கும். அஸ்பார்டிக் அமிலம், திரியோனின், கிளைசின். கடைசியாக, நம் இரைப்பையில் பருப்பிலுள்ள புரதத்தைச் செரிக்க உதவும் பெப்சின் என்ற நொதியின் வரிசையைக் கொடுப்பேன். அதிலும் அதே மூன்று எழுத்துகள்! வைரஸுக்கும் நம் வயிற்றுக்கும் என்ன உறவு என்று அவர்கள் நிமிர்ந்து பார்க்கும் அந்தக் கணத்துக்காகவே நான் அந்தப் பாடத்தை நடத்தினேன்.

இதில் ஒரு புதிர் உண்டு. படம் காட்ட வானொலியில் வழியில்லை. ஆனால் உங்களிடம் இரண்டு கைகள் இருக்கின்றன. உள்ளங்கைகளை நேருக்கு நேர் வைத்து, நடுவில் ஓர் எலுமிச்சம்பழம் நிற்கும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். பெப்சின் அப்படித்தான் இருக்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலி இரண்டு கைகளாக மடிந்து நிற்கிறது. ஒவ்வோர் உள்ளங்கையிலும் அந்த மூன்று எழுத்துகள் ஒருமுறை வருகின்றன. வெட்டப்பட வேண்டிய புரதம் நடுவில் வந்து கிடக்க, இரு பக்கத்து அஸ்பார்டிக் அமிலங்களும் சேர்ந்து அதை வெட்டுகின்றன. தொல்பழங்காலத்தில் ஒரு சிறிய மரபணு இரட்டித்து, இரண்டும் ஒட்டிக்கொண்டதால்தான் இந்த இரு கைகளும் வந்தன என்று டாம் பிளண்டெல் உள்ளிட்ட அறிஞர்கள் 1978இலேயே எழுதியிருந்தார்கள். ஆனால் எச்.ஐ.வி.யின் நொதியிலோ இருப்பது 99 எழுத்துகள், அந்த மூவெழுத்து ஒரே ஒரு முறை, அதாவது ஒரே ஒரு கை. ஒரு கை தட்டினால் ஓசை எழுமா?

சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைப் பெண்கள் சிலரிடம் 1986இல் கண்டறிந்தபோது, அந்தப் பெண்களுக்குக் கொடுக்க ஒரு மருந்தும் இல்லை. அடுத்த ஆண்டு, 1987இல், லாரன்ஸ் பெர்லும் வில்லியம் டெய்லரும் இந்தப் புதிருக்கு விடை சொன்னார்கள்: வைரஸ் ஒரே அச்சில் வார்த்த இரண்டு கைகளைச் செய்து சேர்த்துக்கொள்கிறது. நொதியின் வடிவத்தை எவரும் கண்டிராத நாளில், எழுத்து வரிசையையும் பரிணாம உறவையும் மட்டுமே வைத்துச் சொன்ன கணிப்பு அது. 1988இல் 25ஆம் எழுத்தை மாற்றிப் பார்த்தார்கள். வைரஸ் தொற்றும் வல்லமையை இழந்தது. 1989இல் எக்ஸ் கதிர் படிகவியல் இரண்டு கைகளையும் கண்முன் காட்டியது. 1995 டிசம்பரில், அந்த நொதியை முடக்கும் முதல் மருந்தாகிய சாக்வினாவிர் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அந்த நொதியை முடக்கினால் வைரஸ் ஏன் செயலற்றுப்போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தறியில் ஒரே பாவில் பல சேலைகளைத் தொடர்ச்சியாக நெய்வார்கள். உரிய இடத்தில் வெட்டினால்தான் அது சேலை. வைரஸும் தன் புரதங்களை நீளமாக ஒரே துணிபோல் நெய்துவிட்டு, இந்த நொதியால்தான் வெட்டிக்கொள்கிறது.

மாறாத இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் போதுமா என்றால், போதாது. அது நம் உடலின் நொதிகளிலிருந்து வேறுபட்டும் இருக்க வேண்டும். இல்லையேல் மருந்து நம்மையே தாக்கும். மேலும், முதல் மருந்துகளுக்கும் வைரஸ் வழி கண்டுபிடித்தது. 25ஆம் எழுத்து அசையவில்லை. நொதி மடிந்து நிற்கும்போது அதன் அருகில் வரும் 82, 84 போன்ற இடங்கள் மாறின. நொதியின் இயல்பான இரை அமரும் எல்லைக்கு வெளியே மருந்து துருத்திக்கொண்டு நின்ற இடங்களில், வைரஸ் தனக்குச் சேதமில்லாமல் மருந்தை மட்டும் தள்ளிவிட முடிந்தது என்று சீலியா ஷிஃபர் குழுவினர் விளக்கினார்கள். இரை அமரும் எல்லைக்குள் பெரும்பாலும் அடங்கிய தாருனாவிர் என்ற மருந்து 2006இல் வந்தது. அதை எதிர்க்க வைரஸ் பல மாற்றங்களை ஒருங்கே சேர்க்க வேண்டியிருக்கிறது. மறுபடியும் அதே செய்திதான்: வைரஸ் எதை இழக்க முடியாதோ அதை மட்டும் தொட வேண்டும்.

கொரோனாவைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன்; கடிகாரம் அதற்கு இடம் தரவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். 2003இல் சார்ஸ் நோயைப் பரப்பிய வைரஸின் முதன்மைப் புரோட்டியேஸையும் கோவிட் வைரஸின் முதன்மைப் புரோட்டியேஸையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால், 306 எழுத்துகளில் 12 மட்டுமே வேறுபடும். முதல் சார்ஸ் காலத்தில் உருவாக்கி ஒதுக்கிவைத்திருந்த ஒரு சேர்மம் அதனால்தான் உதவிக்கு வந்தது; அதிலிருந்து வளர்ந்த நிர்மட்ரெல்விர் 2021 டிசம்பரில் அவசரப் பயன்பாட்டு அனுமதி பெற்றது. ஒரு வேளைக்கு இரண்டு இளஞ்சிவப்பு மாத்திரைகள், ஒரு வெள்ளை மாத்திரை. அந்த வெள்ளை மாத்திரை ரிட்டோனாவிர், எச்.ஐ.வி.யின் இரு கைகளுக்கு இடையே பொருந்துவதற்கென்று செய்யப்பட்ட மருந்து, இங்கே மற்ற மருந்தைக் கல்லீரல் விரைவில் சிதைத்துவிடாமல் காக்கும் துணையாக வருகிறது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வந்துவிட்டது. எச்.ஐ.வி.யின் மரபுச் செய்தியைப் பொதிந்திருக்கும் உறைப் புரதத்தில் ஓர் எழுத்தைக் கண்டபடி மாற்றினால், பத்துக்கு ஏழு முறை வைரஸ் பிழைப்பதில்லை என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த உறையைப் பற்றிக்கொள்ளும் லெனகாபவிர் என்ற மருந்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசியாகப் போட்டுக்கொண்ட தென்னாப்பிரிக்க, உகாண்டா இளம்பெண்கள் 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை என்ற செய்தி 2024இல் வந்தது. வணக்கம்.