9 பேசோ 60 சென்டாவோவுக்கு ஒரு சண்டை

வணக்கம் மக்களே. மீன் குழம்பு அடுத்த வாரம்தான். இன்று கோபத்தில் இருக்கிறேன், இதை இறக்கி வைக்காமல் அடுப்புப் பக்கம் போக முடியாது.

மாடி வீட்டு ஆத்தேவை உங்களுக்குத் தெரியும். போன மழையில் என் துணியை எல்லாம் எடுத்து மடித்து வைத்தாரே, அவரேதான். இங்கே பிலிப்பைன்ஸில், கேசோன் சிட்டியில் அக்காவை ‘ஆத்தே’ என்பார்கள். வந்த புதிதில் நான் ‘ஆத்தா’ என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், பாவம். அவர் மகன் ஜுன்ஜுனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். சனிக்கிழமை ஸ்பீச் தெரபி முடிந்து மூவரும் ஒரு கோழி வறுவல் கடைக்குப் போனோம். கடைப் பெயர் வேண்டாம்.

வெளியே அவன் சாப்பிடுவது ஒன்றே ஒன்றுதான்: ஒரு துண்டு கோழி, சோறு. கிரேவி தனியாக இருக்க வேண்டும், சோற்றில் ஒரு சொட்டு பட்டாலும் தட்டைத் தொட மாட்டான். வாட் வரியோடு சேர்த்து விலை 112 பேசோ. மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் முதலில் 12 சதவீத வாட் போய்விடும், மிச்சம் 100. அதில் 20 சதவீதம் தள்ளுபடி, ஆக 80. 2016-இல் வந்த சட்டம் அது. கேஷியர் வரியைக் கழிக்காமல் 112-இலேயே 20 சதவீதம் குறைத்து 89.60 என்றார். விடுவேனா? போனில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மேனேஜர் வந்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும். 9 பேசோ 60 சென்டாவோ, வாங்கிவிட்டேன்!

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். கணக்குக்கு முன்னாலேயே கேஷியர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “பையனைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே” என்றார். போலி அட்டைகள் புழங்குவது உண்மைதான், செய்தியில் வருகிறது. அதற்காக இவன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினால்தான் நம்புவார்களா? ஆத்தே சிரித்துவிட்டுப் பேசாமல் நின்றார். பழகிவிட்டதாம். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஒரு மணி நேரத் தெரபிக்கு 1,000 பேசோ கொடுக்கிறார். கப்பலில் இருக்கும் கணவர் அனுப்புவதில் பாதி அங்கேயே போகிறது. ‘டெவ்பெட்’, அதாவது குழந்தை வளர்ச்சி மருத்துவர், அவரைப் பார்க்கவே எட்டு மாதம் காத்திருந்தார். அதுவரை மாமியார், “ஆண்பிள்ளை, மெதுவாகத்தான் பேசுவான்” என்றாராம். தெரிந்த பிறகு அதே மாமியார் ‘சுவெர்த்தே’ என்கிறாராம், அதாவது அதிர்ஷ்டம். இப்படிப் பிறந்த குழந்தை வீட்டுக்கு அதிர்ஷ்டம் கொண்டுவரும் என்று இங்கே நம்பிக்கை உண்டு. “அந்த அதிர்ஷ்டம் ராத்திரி மூன்று மணிக்குக் கட்டிலில் குதிக்கும்போது மாமியார் குறட்டை விடுகிறார்” என்று ஆத்தே சொன்னதும் எனக்குப் புரை ஏறிவிட்டது.

ஆனால் அவர் சாதுவும் இல்லை. குறைபாட்டைச் சொல்லிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2022-இல் சட்டம் வந்தது, எண் 11650. அதைப் பிரிண்ட் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் ஏறினார். ஜனவரியில் மால் ஆஃப் ஏஷியா என்ற பெரிய வணிக வளாகத்தில் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக ‘ஏஞ்சல்ஸ் வாக்’ என்று ஒரு நடைப்பயணம் நடக்கும், ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். அத்தனை பிள்ளைகள், ஒருவன் தரையில் படுத்து உருள்கிறான், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம், அந்தச் சில்லறை. வீட்டுக்கு வந்து எண்ணினால் 9 பேசோ 50தான் இருக்கிறது. திரும்பிப் போகலாம் என்றேன். ஆத்தே கதவைச் சாத்திவிட்டார்.