ரோட்டுல நின்னு கை காட்டிட்டா போதுமா? | கோபாயர் மடாலயம், அர்மேனியா

வணக்கம் மக்களே! வந்ததும் வராததுமா புலம்புறேன்னு நினைக்காதீங்க. நேத்து ஒரு டூர் வேன்ல போனேன்ல, அவங்க பேரெல்லாம் வேண்டாம். நோட்டீஸ்ல சனாஹின், ஹக்பாத், கோபாயர்னு மூணு மடாலயம் போட்டிருந்தாங்க. முதல் ரெண்டையும் நல்லாவே சுத்திக் காட்டினாங்க, குறை சொல்ல மாட்டேன். மூணாவதுக்கு என்ன பண்ணாங்க தெரியுமா? ரோட்டோரமா வேனை நிறுத்தி, மலையைக் கை காட்டி, "அதோ தெரியுதுல்ல, அதான்"னுட்டாங்க. அவ்வளவுதான்! பெட்ரோல் பங்க்ல கூட அதைவிட அதிக நேரம் நின்னோம்.

அந்தக் கடுப்புலதான் இன்னைக்குத் தனியா கிளம்பி வந்தேன். பின்னாடி தெரியுது பாருங்க, அதான் கோபாயர். கீழ ஓடுறது தெபெத் ஆறு. லோரி மாகாணம், வடக்கு அர்மேனியா.

முதல்ல டாக்ஸி கதை. பக்கத்து டவுன் அலாவெர்தில இருந்து வரணும். டிரைவர் 10,000 த்ராம் கேட்டாரு. நம்ம சேனல் பார்க்கிறவங்களுக்குத் தெரியும், முதல்ல சொல்ற விலைக்கு நான் எதையும் வாங்கினதே கிடையாது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, எனக்கு அர்மேனியனும் தெரியாது, ரஷ்யனும் தெரியாது. போன்ல கால்குலேட்டரைத் திறந்து 4,000னு அடிச்சேன். அவர் சிரிச்சுட்டு 9,000னு அடிச்சாரு. நான் நடந்து போற மாதிரி ரெண்டு அடி வச்சேன். கூப்பிடவே இல்லைங்க! நானே வெட்கமில்லாம திரும்பி வந்து 5,500னு அடிச்சேன். கடைசில 6,000, ஒரு மணி நேரம் வெயிட்டிங்கும் சேர்த்து. நம்ம காசுக்கு ஆயிரத்து முந்நூறு, நானூறு வரும். எனக்கு இது வெற்றிதான். கமென்ட்ல வந்து "நான் 3,000ல போனேன்"னு யாரும் சொல்லாதீங்க, ப்ளீஸ்.

கார் கீழயே நின்னுடும். ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, ஊர் வீடுகளுக்கு நடுவுல செங்குத்தா ஏறணும். படின்னாலே எனக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும், பழனி வீடியோ பார்த்திருப்பீங்க. படின்னதும் ஞாபகம் வருது, நம்ம சென்னைப் பரங்கிமலைப் படியைக்கூட ஒரு அர்மேனியர்தான் கட்டிக் கொடுத்தாரு, கோஜா பெத்ரூஸ் உஸ்கான்னு பேரு. 1726ல சைதாப்பேட்டைல மர்மலாங் பாலம் கட்டினவரும் அவரேதான். இங்க வந்தும் அதே மூச்சிரைப்பு.

சரி, மேல வந்தாச்சு. இதான் பெரிய சர்ச். கூரை இல்லை. பள்ளத்தாக்குப் பக்கத்துச் சுவரும் இல்லை, எப்பவோ சரிஞ்சு போயிருக்கு. மலைச்சரிவோட விளிம்புல கட்டியிருக்காங்க, அந்தப் பக்கம் நிலமே பிடி கொடுக்கல. இருங்க, கேமராவைத் திருப்புறேன். இங்க நின்னா பீடம் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் நேரா ஆகாசம். கம்பி வேலியை நம்பி எட்டிப் பார்க்கிற ஆள் நான் இல்லை.

இப்ப இதைப் பாருங்க. சுவர் உடைஞ்ச இடம். வெளிப்பக்கம் அழகா செதுக்கின கல், உள்பக்கமும் அதே மாதிரி. நடுவுல? உடைகல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொட்டி இறுக்கி வச்சிருக்காங்க. கிரீம் பிஸ்கட்டைப் பக்கவாட்டுல பார்த்த மாதிரி இல்ல? அர்மேனியாக்காரங்க பழைய சர்ச் எல்லாத்தையும் இப்படித்தான் கட்டினாங்க. உண்மையான பலமே அந்த நடுப்பகுதிதான், வெளிக்கல்லு சட்டை மாதிரி. அதனாலதான் முகப்புக் கல் உதிர்ந்த பிறகும் சுவர் நிக்குது. நேத்து ஹக்பாத்ல இவ்வளவு நேரம் சுத்தினேன், சுவருக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு இடத்துலயும் தெரியல. அங்க எல்லாம் முழுசா இருக்கே! யுனெஸ்கோ பட்டியல், 1996லயே சேர்த்தாச்சு, கடைல ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற காந்தம் விக்கிறாங்க. இங்க கடை கிடையாது, டிக்கெட் கிடையாது. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு.

யார் கட்டினாங்கன்னா, இங்க இருக்கிற சின்ன சர்ச்தான் மூத்தது. க்யூரிக்யன் வம்சத்து இளவரசி மரியம், 1171. அதுக்கு ரொம்ப முன்னாடியே அவங்க லோரி ராஜ்யம் ஜார்ஜியா கைக்குப் போயிடுச்சு. நாடு போனாலும் சர்ச் கட்டுற பழக்கம் போகல பாருங்க.

அப்புறம் வந்தவங்க ஜகார்யன் குடும்பம். ஜகாரே, இவானேன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு. ஜார்ஜியா ராணி தமாரோட தளபதிங்க. செல்ஜுக் துருக்கியர்கிட்ட இருந்து அர்மேனியாவோட வடபகுதியை மீட்டவங்க. இதுல ஒரு சிக்கல். 451ல கால்சிடன்ங்கிற ஊர்ல பிஷப்புங்க சபை ஒண்ணு கூடுச்சு, கிறிஸ்துவுக்கு தெய்வ இயல்பு, மனித இயல்புன்னு ரெண்டு இருக்குன்னு முடிவு பண்ணாங்க. அந்த முடிவை அர்மேனியத் திருச்சபை ஏத்துக்கல, ஜார்ஜியத் திருச்சபை ஏத்துக்கிச்சு. அண்ணன் ஜகாரே அர்மேனியத் திருச்சபைலயே இருந்துட்டாரு. தம்பி ஜார்ஜியப் பக்கம் மாறிட்டாரு. ஜகாரே செத்த பிறகு அவர் பையன் ஷாஹன்ஷா வளர்ந்தது சித்தப்பா வீட்டுல. அப்ப அவன் எந்தப் பக்கம் போவான்? அந்த ஷாஹன்ஷா கைக்குத்தான் கோபாயர் வந்துச்சு. அர்மேனிய மடமா ஆரம்பிச்சது ஜார்ஜிய வழிபாட்டு மடமா ஆயிடுச்சு. சுவர்ல ஜார்ஜிய எழுத்துக் கல்வெட்டு இருக்கிறதுக்கு இதான் காரணம்.

அட, முக்கியமானதை விட்டுட்டுப் பேசிட்டே இருக்கேன். ஓவியம்! திரும்ப உள்ள வாங்க. பீடத்துக்குப் பின்னாடி அரைவட்டமா வளைஞ்ச சுவர் இருக்குல்ல, அது மட்டும் தப்பிச்சிருக்கு. மேல் வரிசைல மாதா, பக்கத்துல அதிதூதர்கள். நடு வரிசைல கிறிஸ்து திருத்தூதர்களுக்கு நற்கருணை கொடுக்கிறாரு. கீழ் வரிசை முழுக்கப் புனிதர்கள். 13ஆம் நூற்றாண்டு. அந்த நீலத்தைப் பாருங்க, ஃபில்டர் எதுவும் போடல, சத்தியமா! அர்மேனிய சர்ச்ல பெரும்பாலும் வெறும் கல்லுதான் இருக்கும், சுவர் நிறைய படம் வரையற வழக்கம் ஜார்ஜியப் பக்கம்தான் அதிகம். திருச்சபை மாறின ஒரு குடும்பத்தாலதான் இந்த நீலமே இங்க வந்துச்சு. 1971ல பழுது பார்த்திருக்காங்க, இல்லைன்னா இதுவும் மிஞ்சியிருக்காது. மிஞ்சினதுலயும் கைக்கு எட்டுற உயரத்துல ஒரு புனிதரோட அங்கில பேர் கீறி வச்சிருக்கான் ஒருத்தன். எந்த நாடா இருந்தாலும் இவனுங்க மட்டும் மாற மாட்டானுங்க.

வெளிய அந்தப் பக்கம் மணிக்கூண்டு. 1279. மேல மணி, கீழ கல்லறை. அடியில ஜகார்யன் குடும்பத்தாரைப் புதைச்சிருக்காங்க. கீழ் அறை இருட்டா, சில்லுன்னு இருக்கு, நான் சீக்கிரம் வெளிய வந்துட்டேன். பாறைல இருந்து ஊத்துத் தண்ணி வருது, அதுல முகம் கழுவினதுக்கு அப்புறம்தான் எனக்கு உயிரே வந்துச்சு.

டாக்ஸிகாரரை மறந்துட்டேன் பாருங்க. ஒரு மணி நேரம்னு பேசினோம், இப்ப ரெண்டாவது மணி நேரம் ஓடுது. கீழ ஹாரன் அடிக்கிறாரு, கேக்குதா? கூட ஆயிரம் கேப்பாரு, நான் ஐந்நூறுல நிப்பேன். அடுத்த வீடியோ அக்தாலா மடாலயம். அதுவும் 13ஆம் நூற்றாண்டு ஓவியம்தான், அங்க இவானே குடும்பம், சர்ச் கூரையோட நிக்குது. இறங்கும்போது முட்டி வலிக்காம இருக்க ஏதாவது வழி தெரிஞ்சா கமென்ட்ல போடுங்க, நான் கிளம்புறேன்.