பழைய பேட்டரி டிரில்லுக்கு என்ன விலை?

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நெல்லித்தோப்பில் நான் மெஷின் ரிப்பேர் பட்டறை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. டிரில், கிரைண்டர், மரம் அறுக்கும் கட்டர், இழைப்பு மெஷின் என்று வருவதெல்லாம் ஒயர் மெஷினாகவே இருந்த காலம் உண்டு. மோட்டாருக்குள் சுற்றுகிற கம்பிச் சுருளான ஆர்மேச்சரைக் கட்டியே பிழைத்தோம். இப்போது மேஜை மேல் பாதிக்குப் பாதி பேட்டரி மெஷின். அதிலும் ரிப்பேருக்கு வருவது குறைவு, விலை கேட்டு வருவதுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கிவிட்டு, திங்கட்கிழமை காலையில் பையோடு வந்து நிற்பார்கள். "அண்ணா, ரெண்டாயிரத்து ஐநூறு குடுத்தேன். சரியான விலைதானே?" கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்க்கிற கதை.

போன ஆடி மாதம் அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஆசாரி காலமாகிச் சில மாதம் ஆகியிருந்தது. அவருடைய சாமான்களை விற்றுவிடலாம் என்று வீட்டில் முடிவு. காயலான் கடைக்காரர் வந்து பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மொத்தமாக 1,200 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆசாரியின் சம்சாரம் எனக்குப் போன் செய்தார். "தம்பி, நீ ஒரு தடவை வந்து பாத்துச் சொல்லிடு. அப்புறம் எடுத்துட்டுப் போகட்டும்."

பெட்டியைத் திறந்து திண்ணையில் பரப்பினேன். கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு துண்டுச் சீட்டு, பேனா.

முதலில் கைக்கு வந்தது ஒரு பழைய 14.4 வோல்ட் டிரில். பிட்டைக் கவ்விப் பிடிக்கிற சக்கில் போன ஆயுத பூஜையின் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. பிடி தேய்ந்து பளபளத்தது. ஆசாரிக்கு ரொம்பப் பிடித்த மெஷின் அதுதான் என்றார் அக்கா. நான் சீட்டில் சைபர் போட்டேன். அவர் முகம் மாறிவிட்டது, காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. ஒயர் இல்லாத டிரில்லை பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி 1961-லேயே கொண்டுவந்துவிட்டது. அன்று முதல் வெகுகாலம் உள்ளே இருந்தது நிக்கல் காட்மியம் செல். ஒரு செல் 1.2 வோல்ட், பன்னிரண்டு சேர்ந்தால் 14.4. சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் இறங்கிவிடும், எடையும் அதிகம். காட்மியம் விஷம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் பவர் டூல்களுக்கு இந்த பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவர முடியாது. 2005 வாக்கில் லித்தியம் அயான் மெஷின்கள் வரத் தொடங்கியதும் கம்பெனிகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போய்விட்டன. இந்த டிரில்லுக்கு மோட்டார் நன்றாக இருக்கிறது, கியர் நன்றாக இருக்கிறது, சுற்ற வைக்கப் பேட்டரிதான் எங்கேயும் இல்லை. பேட்டரி கிடைக்காத மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தும் என்ன செய்ய?

யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்குச் சண்டை போடுவார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வது உண்டு. பேட்டரி மெஷின் வாங்குகிறவர்கள் மெஷினை யானை என்றும் பேட்டரியை அங்குசம் என்றும் நினைக்கிறார்கள். உண்மையில் பல செட்டுகளில் பாதி விலை பேட்டரிக்கும் சார்ஜருக்கும்தான். கடையில் வெறும் மெஷின் என்ன விலை, பேட்டரி தனியாக என்ன விலை என்று இரண்டையும் கேட்டுப் பாருங்கள். கேட்ட பிறகு பழைய சாமானைப் பார்க்கிற கண்ணே மாறிவிடும்.

அடுத்து ஒரு 18 வோல்ட் டிரில். கூட இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர். இங்கேதான் எனக்கு நேரம் பிடித்தது.

18 வோல்ட் பேட்டரிக்குள் லித்தியம் செல்கள் ஐந்து வரிசையாகக் கோர்க்கப்பட்டிருக்கும். ஒன்று 3.6 வோல்ட், ஐந்தும் சேர்ந்தால் 18. முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வரை ஏறும், அப்போது மொத்தம் 21. அமெரிக்காவில் டிவால்ட் கம்பெனி "20 வோல்ட் மேக்ஸ்" என்று எழுதி விற்பதும், ஐரோப்பாவில் "18 வோல்ட்" என்று எழுதி விற்பதும் உள்ளே அதே ஐந்து செல்தான். 20 என்று எழுதியிருக்கிறது, 18-ஐவிடப் பலம் என்று யாராவது கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். அதே மாதிரி 12 வோல்ட் மேக்ஸ் என்பது மூன்று செல், கணக்குப்படி 10.8.

இந்த ஐந்தும் வில்லியனூர் தேர் வடம் பிடிக்கிற ஆட்கள் மாதிரி. ஒருவன் கால் மடக்கினால் தேர் நின்றுவிடும். மற்ற நான்கு செல்லும் புதுசு போல இருந்தாலும், ஒன்று சோர்ந்தால் பேட்டரி கட் ஆகிவிடும். அதனால்தான் மேலே இருக்கிற நாலு விளக்கை நம்பாதீர்கள் என்று சொல்கிறேன். விற்பவர் பட்டனை அமுக்கி, "பாருங்க, ஃபுல்லு" என்று காட்டுவார். அந்த விளக்கு பெரும்பாலும் வோல்டேஜைத்தான் காட்டும், உள்ளே எவ்வளவு கொள்ளும் என்பதைக் காட்டாது. குடம் நிறைந்திருக்கிறது, சரி. குடமே சொம்பு அளவுக்குச் சுருங்கியிருந்தால்?

பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. மெஷினில் மாட்டி, நல்ல தடிமனான மரத்தில் பெரிய ஸ்க்ரூ நாலைந்து இறக்குங்கள். வேலை நடக்கும்போது விளக்கு நாலிலிருந்து ஒன்றுக்கு விழுந்து, கை எடுத்ததும் மறுபடி மூன்றுக்கு ஏறினால் செல் களைத்துவிட்டது என்று அர்த்தம். நேரம் இருந்தால் இன்னொரு சோதனை. பேட்டரியைக் காலி ஆக்கிவிட்டுச் சார்ஜில் போட்டு மணி பாருங்கள். ஆம்பியர் அவர் என்பது பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்கிற அளவு. 5 ஆம்பியர் அவர் பேட்டரியை 3 ஆம்பியர் சார்ஜரில் போட்டால் ஒன்றே முக்கால் மணி நேரமாவது ஆக வேண்டும். முக்கால் மணியில் பச்சை விளக்கு வந்தால் சந்தோஷப்படாதீர்கள்.

சந்தையில் இதற்கெல்லாம் ஏது இடம் என்பீர்கள். அதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறேன், கேட்டால் சிரிப்பீர்கள். பக்கத்தில் தராசு வைத்திருக்கிற கடையில் கேட்டு, பேட்டரியை எடை போடுங்கள். வழக்கமாக உள்ளே இருக்கும் செல் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், ஒன்று 45 கிராம் பக்கம் வரும். 5 ஆம்பியர் அவர் பேட்டரியில் அப்படிப் பத்து செல், இரண்டிரண்டாக ஐந்து ஜோடி இருக்கும். செல் மட்டுமே 450 கிராம், கூடும் எலக்ட்ரானிக் போர்டும் சேர்த்தால் 600-ஐத் தொடும். ஆசாரி வீட்டில் இருந்த இரண்டில் ஒன்றின் மேல் "5.0" என்று பெரிதாக எழுதியிருந்தது. அக்காவின் சமையலறைத் தராசில் வைத்தோம், 390 கிராம். உள்ளே ஐந்து செல்தான். கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிய டூப்ளிகேட். ஆசாரி யாரிடமோ மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கியிருக்கிறார், பாவம். சமீபத்தில் வருகிற சில பேட்டரிகளில் 21 மில்லிமீட்டர் செல் போடுகிறார்கள், அது ஒன்றே 70 கிராம் பக்கம் வரும், கணக்கு வேறு. கூட்டின் பருமனைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

இன்னொன்று 2 ஆம்பியர் அவர், அசல். ஓரத்தில் அச்சிட்ட தேதிப்படி மூன்று வருடம். லித்தியம் பேட்டரி வேலை செய்தாலும் வயதாகும், பெட்டிக்குள் தூங்கினாலும் வயதாகும். கத்திரி வெயிலில் பைக் பெட்டிக்குள்ளும் தகரக் கொட்டகையிலும் கிடந்தால் இன்னும் சீக்கிரம். என் கைக்கணக்கு இது: புதுப் பேட்டரி விலையில் வருடத்துக்குக் கால்பங்கு கழிப்பேன். நாலு வருடம் தாண்டினால் அது ஓசி, ஓடுகிற வரை லாபம். சிலர் இதைக் கஞ்சத்தனம் என்பார்கள். விற்கிறவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

மெஷினுக்கு வருவோம். கீழே விழுந்ததா என்று பார்க்க வெளிக்கீறலைப் பார்க்க வேண்டாம், ஆசாரி கையில் இருந்த மெஷினுக்குக் கீறல் இல்லாமல் இருக்குமா? நீளமான பிட் ஒன்றை மாட்டி மெதுவாகச் சுற்றுங்கள். முனை வட்டம் போட்டால் சக்கோ, தண்டோ வளைந்திருக்கிறது. டிரிக்கரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும், எடுத்ததும் முழு வேகம் என்றால் சுவிட்ச் போய்விட்டது. காற்றோட்ட ஓட்டை வழியாகப் பாருங்கள், கார்பன் பிரஷ், அதாவது ஆர்மேச்சரில் உரசி மின்சாரம் கொடுக்கிற கரித்துண்டு, இருக்கிற மெஷினில் சின்னப் பொறி சகஜம். நெருப்பு வளையம் மாதிரி தெரிந்தால் ஆர்மேச்சர் தேய்ந்திருக்கிறது.

பிரஷ்லெஸ் மெஷினில் கணக்கு தலைகீழ். அதில் மோட்டாரை ஓட்டுவது ஒரு எலக்ட்ரானிக் போர்டு. ஓடுகிற மெஷின் என்றால் துணிந்து கூடுதல் விலை கொடுக்கலாம், தேய்வதற்கு பிரஷ்ஷே இல்லை, அதே பேட்டரியில் கூடுதல் நேரம் வேலை செய்யும். ஓடாத மெஷின் என்றால் "சின்ன ரிப்பேர்தான்" என்கிற பேச்சை நம்பாதீர்கள். போர்டு போயிருந்தால் அதன் விலைக்கு இன்னொரு பழைய மெஷினே வந்துவிடும். பிரஷ் மெஷின் ஓடாவிட்டாலும் பாதி விலை பெறும், சில நூறு ரூபாய் பிரஷ் மாற்றினால் எழுந்துகொள்வது நிறைய.

நம்ம ஊருக்கென்று இரண்டு விஷயம். ஒன்று, கடல். கடலூர் துறைமுகப் பக்கம் படகு வேலை பார்த்த மெஷின்கள் என்னிடம் வரும். வெளியே துடைத்து வைத்தது போல இருக்கும். பேட்டரி சொருகுகிற பித்தளைக் காதுகளில் பச்சை பூத்திருக்கும். உப்பு உள்ளே போய்விட்டது என்றால் போர்டும் அரித்திருக்கும். இரண்டாவது, வெள்ளம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரை கடந்தபோது புதுச்சேரியில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர்ப் பக்கமும் மூழ்கியது. அந்தத் தண்ணீரில் ஊறிய மெஷின்கள் காய்ந்து, துடைத்து, இன்னமும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. ஸ்க்ரூ குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிற வண்டல் படிந்திருந்தால், பிடியின் ரப்பர் விளிம்பை நெம்பினால் சேறு தெரிந்தால், வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். மெஷின்கூடப் பரவாயில்லை, தண்ணீரில் ஊறிய லித்தியம் பேட்டரியைச் சார்ஜில் போட்டு வீட்டில் தூங்கக் கூடாது. அதேபோல, சார்ஜர் ஏற்க மறுக்கிற பேட்டரியை இன்னொரு பேட்டரியோடு ஒயர் வைத்து "எழுப்பித் தருகிறேன்" என்பவர்கள் இருக்கிறார்கள். அடி மட்டத்துக்கு இறங்கிய செல்லை அப்படி எழுப்பினால் பிறகு எப்போது வேண்டுமானாலும் தீப்பிடிக்கலாம். செத்தது செத்ததாக இருக்கட்டும்.

பெட்டியில் ஒரு வட்ட ரம்பமும் இருந்தது. ஆசாரியின் மாப்பிள்ளை பிரான்சிலிருந்து கொண்டுவந்தது. நம்ம ஊரில் இது அடிக்கடி பார்ப்பதுதான். பிரான்சும் 230 வோல்ட், நாமும் 230, சார்ஜர் முள்ளுக்கு ஒரு அடாப்டர் போதும். அமெரிக்காவிலிருந்து வந்தால்தான் கவனம். அங்கே 120 வோல்ட். சார்ஜரின் முதுகில் எழுதியிருப்பதைப் படிக்காமல் பிளக்கில் சொருகி, புகை வந்த பிறகு என்னிடம் கொண்டுவந்தவர்கள் ஏராளம். 120 மட்டும் என்று போட்டிருந்தால் சார்ஜருக்கு விலை கிடையாது என்று வைத்துப் பேசுங்கள். அப்புறம் எந்த ஊர் மெஷினாக இருந்தாலும், சீரியல் நம்பரைச் சுரண்டி எடுத்திருந்தால் விலையே பேச வேண்டாம். ஏதோ ஒரு கட்டட வேலைக்காரர் வயிற்றில் அடித்த பொருள் அது.

கடைசியாக ஒரு இம்பாக்ட் டிரைவர், தட்டித் தட்டி ஸ்க்ரூ இறக்குகிற மெஷின். பிரஷ்லெஸ், அந்த 18 வோல்ட் டிரில்லின் அதே கம்பெனி, தனியாகப் பேட்டரி இல்லை. 2 ஆம்பியர் பேட்டரியை மாட்டி ஓட்டிப் பார்த்தேன், சத்தம் சுத்தம். டிரில், அசல் பேட்டரி, சார்ஜர் சேர்த்து 2,800 என்று எழுதினேன். ரம்பம் அதன் செட்டோடு 3,500. இம்பாக்ட் டிரைவர் வெறும் மெஷின், 2,500. காயலான் கடைக்காரர் மொத்தத்துக்கும் 1,200 சொன்னதை நினைத்து அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, ஏ.சி. மாட்டும் வேலை செய்கிற பையன் ஒருவன் வந்தான். நானும் அங்கே இருந்தேன். டிரில்லைக் கையில்கூட எடுக்கவில்லை. "இது என்கிட்ட இருக்குண்ணா" என்றான். தன் பையிலிருந்து அதே கம்பெனிப் பேட்டரி ஒன்றை எடுத்து இம்பாக்ட் டிரைவரில் டக்கென்று மாட்டினான். வாசல் கட்டையில் ஒரு ஸ்க்ரூ இறக்கினான், ரிவர்ஸ் போட்டு எடுத்தான். அவனிடம் பேட்டரி நாலு இருக்கிறது, மெஷின்தான் வேண்டும். "3,200 தரேன்மா, குடுத்துடுங்க" என்றான், பேரமே பேசாமல். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நன்றி, வணக்கம்.