"புரிந்ததா?" என்று கேட்பதை நிறுத்தினேன்

அவையோருக்கு வணக்கம். இந்தச் சமூக மன்றத்தில் அமர்ந்திருக்கும் தம்பிகள் பலர் சிங்கப்பூரின் கட்டாயத் தேசிய சேவையை முடித்துவிட்டுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பிப்பதாக அறிந்தேன். நேர்முகத்தில் "தலைமை தாங்கிய அனுபவம் உண்டா?" என்று நிச்சயம் கேட்பார்கள்.

தேசிய சேவையின்போது ராணுவத்தில் சார்ஜன்ட்டாக இருந்து ஏழு பேர் கொண்ட பிரிவை நடத்தினேன் என்று நான் சொன்னேன். வேலை கிடைத்தது. துவாஸ் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் ஆலை, இரவு ஷிப்ட். என் குழுவில் புதுக்கோட்டைக்காரர் ஒருவர், வங்காளதேசத்தவர் இருவர், என்னைவிட மிக மூத்த மலாய்க்காரர் ஒருவர்.

முதல் வாரத்தில் ஓர் இரவு கறுப்புப் பாகங்கள் முடிந்து வெள்ளைக்கு மாற வேண்டியிருந்தது. இயந்திர உருளைக்குள் தங்கிய பழைய பிளாஸ்டிக்கை முழுக்க வெளியேற்றாவிட்டால் வெள்ளையில் கறுப்புக் கோடு விழும். அணிவகுப்பில் நிற்பவர்களிடம் பேசுவதுபோல் ஒரே மூச்சில் சொல்லி முடித்து, "புரிந்ததா?" என்றேன். எல்லாரும் தலையசைத்தார்கள். மூன்று மணி நேர உற்பத்தி வீணானது.

மறுநாள் தேநீர் வேளையில் புதுக்கோட்டைக்காரர் மெல்லச் சொன்னார்: "அண்ணே, நீங்கள் அந்தக் குரலில் கேட்கும்போது புரியவில்லை என்று எப்படிச் சொல்வது?"

ராணுவத்தைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே கட்டளையைத் திருப்பிச் சொல்லவைப்போம். அந்த நல்ல பழக்கத்தை ஆலை வாசலிலேயே விட்டுவிட்டுக் குரலை மட்டும் உள்ளே கொண்டுவந்தவன் நான். 1940 முதல் 1945 வரை, போர்க்கால அமெரிக்காவில் ஆலை மேற்பார்வையாளர்களுக்கு ஒரு பயிற்சித் திட்டம் நடந்தது. தொழிலாளி கற்கவில்லை என்றால் பயிற்றுநர் கற்பிக்கவில்லை என்பது அதன் அடிப்படை. செய்து காட்டு, பிறகு அவரையே செய்யவை, ஏன் அப்படிச் செய்கிறார் என்று அவர் வாயாலேயே சொல்லவை என்றது அது. போருக்குப் பின் ஜப்பானிய ஆலைகள் அதை விரும்பி எடுத்துக்கொண்டன.

எனக்குக் கைகொடுத்த இன்னொன்று, விண்ணப்பத்தில் நான் எழுதவே எழுதாதது: தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடிகள் போகும் வழியில் பல ஆண்டுகள் தொண்டர்களை ஒருங்கிணைத்திருக்கிறேன். அங்கே யாருக்கும் சம்பளம் இல்லை, தண்டனையும் இல்லை. மனம் நொந்தால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எந்த அக்காவுக்கு முழங்கால் வலி, எந்தத் தம்பி விடியற்காலையில் சோர்ந்துவிடுவான் என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் வாளியை நாமே தூக்க வேண்டும். ஆலையில் எனக்குத் தேவைப்பட்டது இந்தப் பழக்கம்தான்.

வெள்ளையில் கறுப்புக் கோடு விழுந்தால் பணம் போகும், அவ்வளவே. அதே மௌனம் அழுத்த இயந்திரத்தின் அருகே இருந்தால் விரல் போகும். 2004இல் சுரங்க ரயில் கட்டுமானப் பணியின்போது நிக்கல் ஹைவே சாலை இடிந்து நால்வர் மாண்டதை மறக்க முடியுமா? 2006இல் வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் ஆபத்தை அதன் மூலத்திலேயே குறைக்கச் சொல்கிறது. ஆபத்தை முதலில் பார்ப்பவர் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர். என்னைக் கண்டு அவர் பயந்தால் எனக்கு எப்படித் தெரியவரும்?

இப்போது ஷிப்ட் மாறும்போது, "முதலில் எதைச் செய்வீர்கள், காட்டுங்கள்" என்கிறேன். மலாய்ப் பெரியவர் மலாயில் விளக்கிக்கொண்டே செய்வார். மற்றவர்கள் அவரவர் மொழியில் முணுமுணுத்தபடி செய்வார்கள். நான் அவர்கள் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

தம்பிகளே, நேர்முகத்தில் சார்ஜன்ட் பதவியைச் சொல்லுங்கள். தண்ணீர்ப் பந்தலையும் சேர்த்துச் சொல்லுங்கள்.