கத்தரித்து வைத்த துண்டுச் செய்தி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இணையத்தில் எழுதுபவர்களுக்கு நல்ல ஆசான் அன்றைய தனி இதழாளர்களா, இன்றைய தொழில்நுட்பமா என்பது தலைப்பு. இதழாளர்களே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர், "அவர்களுக்கு ஒரு வாரம் அவகாசம் இருந்தது, நமக்கு ஒரு நிமிடம்தான். மெதுவாக எழுதினால் யார் படிப்பார்கள்?" என்று கேட்டார். சரி, அந்த ஒரு வாரத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

1953-ல் வாஷிங்டனில் ஐ. எஃப். ஸ்டோன் என்ற அமெரிக்க இதழாளர் தனி ஆளாக நான்கு பக்க வார இதழ் ஒன்றைத் தொடங்கினார். அவர் வேலை பார்த்த நாளிதழ் மூடப்பட்டிருந்தது. சந்தாதாரர்கள் சுமார் 5,300 பேர், விளம்பரம் கிடையாது. ஸ்டோனுக்குக் காது மந்தம். அதனால் அரசுக் கூட்டங்களில் போய் உட்காருவதைவிட, அவற்றின் நடவடிக்கைக் குறிப்புகளை வாங்கி வரிவரியாகப் படிப்பார்.

1957 செப்டம்பரில் அமெரிக்கா நெவாடாவில் நிலத்துக்கடியில் அணுகுண்டு வெடித்துச் சோதித்தது. ரோம், டோக்கியோ வரை அதிர்வு பதிவானதாக நாளிதழில் ஓரிரு வரிச் செய்திகள் வந்தன. சரிபார்க்க ஸ்டோனுக்கு அப்போது வழியில்லை. கத்தரித்து எடுத்து வைத்துக்கொண்டார். சில மாதம் கழித்து அணுசக்தி ஆணையம், அந்த அதிர்வு 200 மைலைத் தாண்டி எங்கும் பதிவாகவில்லை என்று அறிவித்தது. சோதனைத் தடை ஒப்பந்தம் பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்த நேரம். கள்ளத்தனமாக வெடித்தால் கண்டுபிடிக்கவே முடியாது என்றாகிவிட்டால் ஒப்பந்தத்துக்கு என்ன மதிப்பு? ஸ்டோன் அந்தப் பழைய துண்டுகளை நினைவில் வைத்து, அரசின் நிலநடுக்க ஆய்வாளர்களிடமே போய்க் கேட்டார். கொடுத்தார்கள் பட்டியலை! 2,000 மைலுக்கு அப்பால் அலாஸ்காவில்கூடப் பதிவாகியிருந்தது. ஆணையம் தன் அறிக்கையைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதில் ரகசிய ஆவணம் எங்கே இருக்கிறது, நடுவர் அவர்களே? அந்த அலுவலகத்துக்கு எந்த நிருபரும் போயிருக்கலாம். எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கத்தரிக்கோல்தான். உறுதியாகாத ஒன்று கையில் கிடைத்தால் நாம் அடுத்த நொடியே பகிர்கிறோம், இல்லாவிட்டால் மறந்துபோகிறோம். அவர் எடுத்து வைத்தார், காத்திருந்தார்.

அவருக்கும் முந்தியவர் அமெரிக்கக் கறுப்பினப் பெண் இதழாளர் ஐடா பி. வெல்ஸ். 1892-ல் மெம்ஃபிஸ் நகரில் ஒரு வெறிக்கும்பல், அவருடைய நண்பர் உட்பட மூன்று கறுப்பினத்தவரைக் கொன்றது. எதிர்த்து எழுதினார். அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவருடைய பத்திரிகை அலுவலகத்தை நொறுக்கினார்கள். அவருக்கு வந்த கோபத்தை நம்மால் அளக்க முடியுமா? அப்படியிருந்தும் 1895-ல் இத்தகைய கொலைகளைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில் எண்ணிக்கைகளை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? வெள்ளையர் நடத்திய சிகாகோ டிரிப்யூன் நாளிதழ் தொகுத்த கணக்கிலிருந்து. மிகைப்படுத்துகிறார் என்று எதிராளி சொல்ல இடமே வைக்கவில்லை.

தேடுபொறி இருக்கிறதே என்கிறார் நண்பர். இருக்கிறது. ஸ்டோன் நடந்துபோய் வாங்கிய காகிதம் இன்று நம் கைப்பேசிக்கே வருகிறது. ஆனால் அதன் நாற்பதாம் பக்கம் வரை படிக்கும் பொறுமையை எந்தத் தேடுபொறி சொல்லிக்கொடுக்கும்?

அப்புறம், மெதுவாக எழுதினால் யார் படிப்பார்கள் என்ற கேள்வி. 1971-ல் ஸ்டோன் அந்த இதழை நிறுத்தியபோது சந்தாதாரர்கள் சுமார் 70,000 பேர். அந்த எண்ணை நண்பரிடம் கொடுத்துவிட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.