மேலே ஐஸ், கீழே திரிந்த பால்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடமாக ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவன் நான். மழைக்காலம் தொடங்கிவிட்டால் எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே புகார்தான்: "மேலே ஐஸ் நன்றாக உறைகிறது, கீழே வைத்த பால் திரிந்துவிட்டது." எல்லாம் டபுள் டோர் ஃப்ரிட்ஜ் வைத்திருக்கும் வீடுகள்.

கதவில் 'ஃப்ராஸ்ட் ஃப்ரீ' என்று ஒட்டியிருப்பதால் உள்ளே பனியே பிடிக்காது என்று நினைத்துக்கொள்கிறோம். தாராளமாகப் பிடிக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஃப்ரீசரின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் காயில் தெரியும். அலுமினியக் குழாயும், அதில் சீப்புப் பல் மாதிரி வரிசையாக மெல்லிய தகடுகளும். ஓடும்போது அது மைனஸ் 25 டிகிரி பக்கம் இருக்கும். நாம் கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே நுழைகிற ஈரக்காற்று அதில் போய் வெண்பனியாக ஒட்டிக்கொள்ளும். ஒரு சின்ன ஃபேன் அந்தத் தகடுகளுக்கு நடுவே காற்றை இழுத்து ஃப்ரீசருக்குத் தள்ளுகிறது, ஒரு பங்கைக் கீழ் அறைக்கும் அனுப்புகிறது. இடைவெளி அடைபட்டால் காற்று குறையும். முதலில் பட்டினி கிடப்பது கீழ் அறைதான்.

இப்படி ஆகாமலிருக்க உள்ளேயே ஏற்பாடு உண்டு. பழைய மாடல்களில் ஒரு டைமர், கம்ப்ரசர் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஓடியதும் அதை நிறுத்தி, காயிலுக்கு அடியில் இருக்கும் ஹீட்டரைப் போட்டுவிடும். பனி உருகி, காயிலில் சூடு ஏறியதும் பைமெட்டல் என்கிற சின்ன வில்லை ஹீட்டரை அணைத்துவிடும். புது மாடல்களில் இதே வேலையைப் போர்டும் சென்சாரும் பார்க்கின்றன.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பனியை உருக்கும் முன் அது எப்படிப் படிந்திருக்கிறது என்று பாருங்கள். மெக்கானிக் வருகிறார் என்று ஃப்ரிட்ஜை அணைத்து, துடைத்து, பளிச்சென்று வைத்திருப்பார்கள். திருட்டு நடந்த வீட்டைப் பெருக்கிவிட்டுப் போலீசைக் கூப்பிட்ட கதை அது! பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தகட்டைக் கழற்றி, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும்.

காயில் முழுக்கச் சீராக, பஞ்சு மெத்தை போலப் பனி மூடியிருந்தால், உருக்கும் ஏற்பாடு வேலை செய்யவில்லை. இல்லையென்றால் கதவு ரப்பர் கடித்துப் பிடிக்கவில்லை. ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுங்கள், சுலபமாக வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. அடியில் மட்டும் கண்ணாடிப் பாளம் மாதிரி கெட்டி ஐஸ் என்றால், உருகிய தண்ணீர் இறங்கும் வடிகால் ஓட்டை அடைப்பு. முதல் இரண்டு மூன்று குழாயில் மட்டும் பனி, மற்றதெல்லாம் வெறுமை, ஃப்ரீசரும் உறையவில்லை என்றால் கேஸ் குறைந்திருக்கலாம். அந்த ஒரு நிலையைத் தவிர மற்றதற்கெல்லாம் யாராவது "கேஸ் தீர்ந்து போச்சு" என்றால் நம்பாதீர்கள். அடுப்பு கேஸ் போலத் தீர்வதற்கு அது உள்ளே எரிந்துகொண்டா இருக்கிறது? மூடிய குழாய்க்குள் சுற்றி வருகிறது, ஒழுகினால்தான் குறையும்.

வேலை கற்கும் தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஹீட்டரை மீட்டரில் பாருங்கள். 150 வாட் ஹீட்டர் என்றால் 350 ஓம் அளவில் காட்டும். சரியாகக் காட்டினால் அப்புறம் பியூஸ், பைமெட்டல். பைமெட்டலில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மேசையில் வைத்துப் பார்த்தால் தொடர்பே காட்டாது. கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். நல்ல பைமெட்டலும் சாதாரணச் சூட்டில் அப்படித்தான் இருக்கும். ஐஸ் கட்டியோடு கல் உப்பைக் கலந்து, பைமெட்டலைப் பாலிதீன் பையில் சுற்றி அதற்குள் புதைத்து வையுங்கள். வெறும் ஐஸ் போதாது, உப்பு சேர்ந்தால்தான் பைமெட்டலில் தொடர்பு சேரும் அளவுக்குக் குளிர் இறங்கும். கொஞ்ச நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தால் அது நல்ல பைமெட்டல்.

ஸ்க்ரூ டிரைவரால் மட்டும் ஐஸைக் குத்தாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் அவசரப்பட்டு நானே குத்தியிருக்கிறேன். குழாய் ஓட்டையாகி 'உஸ்ஸ்' என்று கேஸ் வந்தது. அந்த மாதச் சம்பளம் அதோடு போனது. இப்போது நிறைய ஃப்ரிட்ஜில் இருப்பது தீப்பிடிக்கும் ஆர்600ஏ கேஸ் வேறு.

அணைத்துவிட்டு, இரண்டு கதவையும் திறந்து வைத்து, கீழே பழைய வேட்டியைப் போட்டு ஒரு முழு நாள் விட்டால் தானே உருகும். அதன் பிறகு ஒரு வாரம், பத்து நாள் நன்றாக ஓடி மறுபடி பால் திரிந்தால், பழுது அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். மெக்கானிக்கிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள். வடிகால் அடைப்பு மட்டும் என்றால் நீங்களே பார்க்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரை அந்த ஓட்டையில் மெதுவாக ஊற்றிவிட்டு, ஃப்ரிட்ஜின் பின்பக்கம் போய்க் காதைக் கொடுங்கள். கம்ப்ரசருக்கு மேலே இருக்கும் தட்டில் சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையா, இன்னொரு டம்ளர் ஊற்றுங்கள்.