எண்ணூறும் எண்ணூறுதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டுகளை அப்படியே ஏற்பதா, கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டு மதிப்பிடுவதா என்பதுதான் தலைப்பு. கழிக்க வேண்டும் என்று பேசிய நண்பர் மூன்று காரணம் சொன்னார். வங்கதேசம், ஜிம்பாப்வே அணிகளிடம் எடுத்தது 176. சொந்த மண்ணில் எடுத்தது 493. அணியில் போட்டிக்கு வேறு ஆள் இல்லாததால் விக்கெட்டெல்லாம் இவருக்கே வந்தது. இவற்றை எடுத்துவிட்டால் 708 விக்கெட் எடுத்த ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்ன்தான் பெரியவர் என்று முடித்தார்.

சரி, அவர் சொன்னபடியே கழித்துப் பார்ப்போம். அந்த 176 போனால் முரளிக்கு 108 டெஸ்டில் 624 விக்கெட், சராசரி 24.88. சராசரி என்பது ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், குறையக் குறைய நல்லது. வார்னுக்கும் அதே கணக்கைப் போடுவோம். அந்த இரண்டு அணிகளுடனும் அவர் ஆடியது 3 டெஸ்ட், எடுத்தது 17 விக்கெட். மிச்சம் 142 டெஸ்டில் 691, சராசரி 25.41. ஒரு டெஸ்டுக்கு முரளி எடுத்தது கிட்டத்தட்ட 5.8 விக்கெட், வார்ன் 4.9. எதிரணியின் கத்தரியைக் கொண்டு வெட்டிய பிறகும் முரளிதான் முன்னால் நிற்கிறார்!

ஆனால் நடுவர் அவர்களே, வெட்டுவதையே நான் ஏற்கவில்லை. யாரோடு ஆடுவது என்பதை பவுலரா முடிவு செய்கிறார்? இங்கிலாந்து 1998 வரை இலங்கையைக் கூப்பிட்டபோதெல்லாம் ஒரே ஒரு டெஸ்ட்தான் கொடுத்தது. ஐந்து டெஸ்ட் தொடர் என்ற ஒன்றை முரளி தன் வாழ்நாளில் ஆடியதே இல்லை. வார்னுக்கோ இங்கிலாந்துடன் ஆடும் ஆஷஸ் தொடர்களில் மட்டும் 36 டெஸ்ட், 195 விக்கெட். அந்த இங்கிலாந்து 1999இல் சொந்த மண்ணிலேயே நியூசிலாந்திடம் தொடரை இழந்த அணி. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜிம்பாப்வே பாகிஸ்தானுக்கே போய் டெஸ்ட் தொடரை வென்றிருந்தது. அந்த அணியில் ஐம்பதுக்கு மேல் டெஸ்ட் பேட்டிங் சராசரி வைத்த ஆண்டி ஃப்ளவர் இருந்தார். இங்கிலாந்து விக்கெட்டுக்கு முழு மதிப்பு, ஜிம்பாப்வே விக்கெட்டுக்கு ஒன்றுமில்லை என்றால், நாம் அளப்பது ஆட்டத்தை அல்ல, தொப்பியில் இருக்கும் சின்னத்தை.

அடுத்தது சொந்த மண். இங்கிலாந்து பவுலர் ஜேம்ஸ் ஆண்டர்சனின் 704 டெஸ்ட் விக்கெட்டில் 434 இங்கிலாந்தில் எடுத்தவை. பழகிய மண்ணில் பவுலர் நன்றாக வீசத்தான் செய்வார். வெளியே முரளி என்ன செய்தார்? 60 டெஸ்ட், 307 விக்கெட். அதுவும் டெஸ்டுக்கு ஐந்துக்கு மேல். ஆஸ்திரேலியாவில் இலங்கைக்காக ஆடிய 5 டெஸ்டில் 12 விக்கெட்தான், சராசரி 75 என்று நண்பர் சொன்னார். உண்மை. இந்திய மண்ணிலும் சராசரி 45. நான் மறைக்கவில்லை. வார்னுக்கும் இந்திய மண்ணில் 43 என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். முழுதாக எண்ணுங்கள் என்று கேட்கும் எங்கள் அணி இந்தத் தோல்விகளையும் சேர்த்தே எண்ணுகிறது. அதெல்லாம் சேர்ந்துதான் 22.72 என்ற சராசரி.

முரளி கையை வளைத்துப் பந்தை எறிகிறார் என்றும் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார்கள். 1995இல் மெல்போர்னில் அம்பயர் டேரல் ஹேர் அதற்காக நோ பால் கொடுத்த பிறகு எத்தனை சோதனைக்கு அந்தக் கை போனது! பிறவியிலேயே நேராக நீளாத கை அது. கேமராவும் கணினியும் வைத்து அளந்தார்கள், விதிக்குள் இருக்கிறது என்றார்கள், ஆடினார். அது முடிந்த வழக்கு.

மூன்றாவது காரணம்தான் எனக்கு மிகவும் வலிக்கிறது. போட்டிக்கு ஆள் இல்லையாம். ஆள் இல்லாத அணியில் பந்து வீசுவது எப்படியிருக்கும் என்று இங்கிலாந்தில் நடந்த 1998 ஓவல் டெஸ்டைப் பாருங்கள். அந்தக் கோடையில்தான் தென்னாப்பிரிக்காவைத் தொடரில் வென்றிருந்தது இங்கிலாந்து. டாஸ் வென்ற இலங்கை கேப்டன் ரணதுங்க முதலில் பந்து வீசத் தீர்மானித்தார். இரண்டு இன்னிங்ஸுக்கும் நடுவே முரளிக்கு ஓய்வு வேண்டும் என்பதுதான் காரணம். ஒரு கேப்டன் ஆட்டத்தின் முதல் முடிவையே ஒரு பவுலரின் தோளை நினைத்து எடுக்கிறார்! முதல் இன்னிங்ஸில் 59.3 ஓவர், 7 விக்கெட். இரண்டாவதில் 54.2 ஓவர், 65 ரன்னுக்கு 9 விக்கெட். மிச்சம் ஒன்று ரன் அவுட். வேறு யாருக்கும் ஒரு விக்கெட்கூட இல்லை. இலங்கை 10 விக்கெட்டில் வென்றது.

வார்னுக்கு மறுமுனையில் மெக்ராத் இருந்தார், 563 விக்கெட். முரளிக்கு வாஸ் இருந்தார், 355 விக்கெட். வாஸ் களைத்தபின் யார்? கூட்டாளி இல்லாவிட்டால் எண்ணிக்கை கூடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சராசரி எப்படிக் குறையும்? முரளியைத் தடுத்தாடிவிட்டு மறுமுனையில் ரன் அடிக்கலாம் என்று எந்த பேட்ஸ்மேனும் நினைப்பாரே! அப்படித் தடுத்தவர்களுக்கு எதிராக அவர் டெஸ்டில் வீசியது 44,039 பந்து. அவர் வருவதற்கு முந்தைய பத்தாண்டில் இலங்கை வென்றது இரண்டே டெஸ்ட். அவர் ஆடி வென்ற டெஸ்ட் 54, அவற்றில் அவருக்கு 438 விக்கெட், சராசரி 16.18. இதில் எதைக் கழிப்பீர்கள்?

கடைசியாக, எண்ணிக்கைக்காகவே ஆடினார் என்ற பேச்சு. 2010 ஜூலை, இலங்கையின் காலி நகர மைதானம். கையில் 792. இந்த டெஸ்டோடு போகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார். அதே தொடரில் இன்னும் இரண்டு டெஸ்ட் இருந்தன, இருந்திருக்கலாம். எதிரே சேவாக், டிராவிட், சச்சின், லக்ஷ்மண். தரவரிசையில் முதலிடத்தில் இருந்த இந்திய அணி. அவர்களிடம்தான் எட்டு விக்கெட் எடுத்து 800ஐத் தொட்டார். இன்னும் பேசப் போகும் எதிரணித் தலைவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அந்த எட்டும் சொந்த மண்ணில் எடுத்தவைதான். உங்கள் கணக்குப்படி அவையும் கழிந்துவிடுமா?